எடையைப் பார்த்து ஏமாந்த முதல் பருவம்: சர்க்கரைக் கிழங்கில் நான் குறைத்தவையும் குறைக்காதவையும்

நான் முதன்முதலில் அறுவடை செய்த சர்க்கரைக் கிழங்குகளில் (சுகர் பீட்) பல இரண்டு கிலோவைத் தாண்டியிருந்தன. எடைமேடையில் வண்டி ஏறியபோது எண்கள் மேலே போவதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட பெருமை, ஆய்வகத்திலிருந்து வந்த சிறு சீட்டைப் படித்தவுடன் அடங்கிப்போனது. கிழங்கில் சர்க்கரை 13 சதவீதம் மட்டுமே இருந்தது. எனக்கு முன்னால் நின்றிருந்த வண்டியில் என்னுடையதைவிடச் சிறிய கிழங்குகள்தான் இருந்தன. ஆனால் அவற்றில் சர்க்கரை 17 சதவீதம். ஆலை சர்க்கரை அளவைக் கொண்டே விலை போடுவதால், குறைந்த எடைக்கு அந்த வண்டியின் விவசாயி என்னைவிட நல்ல தொகையைப் பெற்றுச் சென்றார். அந்தப் பருவத்தில் நான் அவரைவிட அதிக உரம் போட்டிருந்தேன், அதிகத் தண்ணீர் பாய்ச்சியிருந்தேன், அதிக டீசலையும் எரித்திருந்தேன். செலவு செய்து சர்க்கரையை விரட்டியிருக்கிறேன் என்பது புரிய எனக்கு இன்னும் ஒரு பருவம் தேவைப்பட்டது.

குளிர்காலத் தொடக்கத்தில் விதைத்து, வெயில் ஏறும்போது அறுவடை செய்யும் பாசன நிலத்தில் பெற்ற அனுபவம் இது. பனி விழும் நாடுகளில் வசந்தத்தில் விதைப்பவர்களுக்கு நாள்காட்டி மாறும். கிழங்கின் இயல்பு மாறாது. சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இது பீட்ரூட்டின் இனத்தைச் சேர்ந்த வெள்ளைக் கிழங்கு. 1747-இல் ஆண்ட்ரியாஸ் மார்க்கிராஃப் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் பீட் வேரில் இருப்பதும் கரும்பில் இருப்பதும் ஒரே சர்க்கரைதான் என்று கண்டறிந்தார். அவருடைய மாணவர் ஃபிரான்ஸ் ஆஷார்ட் 1801-இல் சைலீசியாவில் (இன்றைய போலந்துப் பகுதி) முதல் பீட் சர்க்கரை ஆலையை அமைத்தார். அன்றைய வேரில் சர்க்கரை ஐந்தாறு சதவீத அளவில்தான் இருந்தது. இன்றைய 16 முதல் 18 சதவீதம் இருநூறாண்டுத் தெரிவினால் வந்தது. அதை ஒரே பருவத்து யூரியாவில் நான் மூன்றில் ஒரு பங்கு பின்னுக்குத் தள்ளிவிட்டேன் என்று பிறகு வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

ஆகவே தழைச்சத்திலிருந்தே, அதாவது நைட்ரஜனிலிருந்தே தொடங்குகிறேன். இந்தப் பயிரில் பணமும் சுற்றுச்சூழலும் ஒருசேர வீணாகும் இடம் அதுதான். இலை உற்பத்தி செய்யும் சர்க்கரையைக் கிழங்கு சேமித்துவைக்க வேண்டுமானால், பருவத்தின் பின்பாதியில் மண்ணில் தழைச்சத்து தீர்ந்துபோக வேண்டும். தீராவிட்டால் செடி புதிய இலைகளை விட்டுக்கொண்டே இருக்கும்; சேமிப்புக்குப் போக வேண்டிய சர்க்கரை அந்த இலைகளுக்குச் செலவாகும். பாதிப்பு இத்துடனும் நிற்பதில்லை. மிகுதியான தழைச்சத்து கிழங்குக்குள் அமினோ சேர்மங்களாகத் தங்குகிறது. இவையும் பொட்டாசியம், சோடியம் ஆகியவையும் ஆலையில் சர்க்கரை படிகமாவதைத் தடுத்து, அதில் ஒரு பகுதியைக் கழிவுப்பாகோடு இழுத்துச் செல்கின்றன. அதனால்தான் பல ஆலைகள் சர்க்கரை அளவோடு இந்த மாசுகளையும் அளந்து விலை போடுகின்றன. நான் மூன்றாம் மாத முடிவில், இலை சற்றே வெளிறியதைக் கண்டு பதறி இட்ட மேலுரம் மேற்சொன்ன இரண்டு இழப்புகளையும் கொண்டுவந்தது. அந்த வெளிறல் நோயல்ல என்பதையும், கிழங்கு சர்க்கரை சேர்க்கத் தொடங்கியதன் அடையாளம் என்பதையும் இப்போது அறிவேன்.

பொதுவாக இந்தப் பயிருக்கு ஹெக்டேருக்கு 100 முதல் 120 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்கு 40 முதல் 48 கிலோ போதும் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் மண்ணில் ஏற்கெனவே இருப்பதைக் கழிக்க வேண்டும். ஆணிவேர் ஒன்றரை மீட்டருக்கும் கீழே இறங்கக்கூடியது என்பதால், மேல்மண்ணை மட்டும் பரிசோதித்தால் விடை தவறாகும். இரண்டாம் பருவத்திலிருந்து 60 செ.மீ. ஆழம் வரை இரண்டு அடுக்குகளாக மண் எடுத்து நைட்ரேட் அளவைப் பார்க்கிறேன். முந்தைய பயிர் உறிஞ்சாமல் விட்டது கீழடுக்கில் கணிசமாகக் கிடந்ததை முதல் பரிசோதனையிலேயே கண்டேன்.

பாசன நீரைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதை அதைவிடத் தாமதமாகவே உணர்ந்தேன். ஒரு லிட்டர் கிணற்று நீரில் 10 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன் இருந்து, பருவம் முழுவதும் 500 மி.மீ. தண்ணீர் பாய்ந்தால், ஹெக்டேருக்கு 50 கிலோ தழைச்சத்து தண்ணீரோடு வந்துசேர்கிறது. அந்த நீர் பருவத்தின் பின்பாதியிலும் பாய்கிறது, அதாவது செடிக்குத் தழைச்சத்து வேண்டாத காலத்திலும் அதை ஊட்டிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் இதில் சிக்கல். நீர்ப் பரிசோதனைக்கு ஆகும் செலவு ஒரு மூட்டை உரத்தின் விலையைவிடக் குறைவு. இன்று நான் இடுவது முதல் பருவத்தில் இட்டதில் பாதிக்கும் சற்று அதிகம். அதையும் விதைப்பின்போது கொஞ்சமும், நான்கு முதல் எட்டு இலைப் பருவத்துக்குள் மீதியுமாக இட்டு முடித்துவிடுகிறேன். தேவைக்கு மேல் இட்ட தழைச்சத்தில் ஒரு பகுதி நிலத்தடி நீரில் இறங்குகிறது. இன்னொரு பகுதி நைட்ரஸ் ஆக்ஸைடாகக் காற்றில் கலக்கிறது. நூறாண்டுக் கணக்கில் அந்த வாயு கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு வெப்பமூட்டும் ஆற்றல் கொண்டது.

மற்ற சத்துகளில் போரானை மட்டும் விட்டுவிட முடியாது. அது குறைந்தால் நடுக்குருத்து கருகி, கிழங்கின் தலை உள்ளே அழுகும். காரத்தன்மை சற்று அதிகமுள்ள மண்ணிலும் வறண்ட காலத்திலும் இது தெளிவாகத் தெரியும். அடையாளம் தெரிந்தபின் தெளிப்பதில் பெரிய பயனில்லை. மணிச்சத்தை (பாஸ்பரஸ்) நிலம் முழுவதும் வீசாமல் விதை வரிசையை ஒட்டிப் பட்டையாக இட்டால் அளவு குறையும். மண்ணின் கார அமில நிலை (pH) 6-க்குக் கீழே இருந்தால் எந்த உரத்தைப் பற்றியும் யோசிக்கும் முன் சுண்ணாம்பு இட வேண்டும், 6.5 முதல் 7.5 வரை இந்தப் பயிருக்கு உகந்தது. பீட் ஆலைகள் சாற்றைத் தூய்மைப்படுத்தப் பயன்படுத்திய சுண்ணாம்பு, கால்சியம் கார்பனேட்டாக வெளியே வருகிறது. அதில் சிறிதளவு மணிச்சத்தும் இருக்கும். கிழங்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பாமல் அதை ஏற்றிவந்தால் போக்குவரத்தும் மிச்சமாகும்.

இனி நிலத் தயாரிப்பு. முதல் பருவத்தில் நிலம் மாவுபோல இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் ரோட்டவேட்டரை மூன்று முறை ஓட்டினேன். பார்ப்பதற்கு அழகாக இருந்தது. விதைத்த மூன்றாம் நாள் பெய்த மழையில் அந்த மாவு அப்படியே இறுகி ஓடு கட்டியது. முளைகள் அந்த ஓட்டுக்கு அடியில் வளைந்து கிடந்ததைக் கையால் பெயர்த்துப் பார்த்தேன். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலத்தை மறுபடி விதைக்க நேர்ந்தது. சர்க்கரைக் கிழங்கின் விதை சிறியது, முளைக்கு வலுவில்லை. 2 முதல் 2.5 செ.மீ. ஆழத்துக்கு மேல் போனால் அதனால் வெளியே வருவது கடினம். அதற்கு வேண்டியது விதையின் கீழ் உறுதியான, ஈரமான மண்ணும், மேலே சிறு கட்டிகள் கலந்த புழுதியும்தான்.

இப்போது நிலம் முழுவதையும் உழுவதில்லை. முந்தைய பயிரின் தாளை நிலத்திலேயே விட்டு, விதை விழும் வரிசையை மட்டும் ஒரு சாண் அகலத்துக்குக் கிளறும் பட்டை உழவைக் கையாள்கிறேன். இடைப்பட்ட நிலத்தில் தாள் மூடாக்காகக் கிடப்பதால் மழைத்துளி நேரடியாக மண்ணில் அறைவதில்லை, ஈரமும் நிற்கிறது, காற்றில் பறக்கும் மணல் இளம் நாற்றை அறுப்பதும் குறைகிறது. டீசல் செலவு பாதிக்கும் கீழே வந்தது. ஆனால் பட்டை உழவுக்கு மாறும் முன் கடப்பாறையால் நிலத்தைக் குத்திப் பாருங்கள். கீழே கடின அடுக்கு இருந்தால் ஆணிவேர் அதில் மோதிக் கிளைபிரியும். கிளைத்த கிழங்கு பிடுங்கும்போது உடையும், இடுக்குகளில் மண்ணையும் சுமந்து வரும். நான் முதலில் உளிக்கலப்பையால் ஒருமுறை ஆழ உடைத்துவிட்டு, அதற்குப் பிறகே மாறினேன். அந்த உடைப்பையும் மண் காய்ந்திருக்கும்போது செய்தால்தான் அடுக்கு நொறுங்கும்.

விதையில் சிக்கனம் பார்க்காதீர்கள். இந்தச் செடியின் இயற்கையான விதை பல கருக்கள் ஒட்டிய கொத்து. ஓரிடத்தில் இரண்டு, மூன்று முளைகள் வரும் என்பதால் முன்பெல்லாம் குனிந்து அமர்ந்து ஒவ்வொன்றாகப் பயிர் கலைக்க வேண்டியிருந்தது. சாகுபடியின் மிகப் பெரிய கூலிச்செலவு அதுவாகவே இருந்தது. 1948-இல் அமெரிக்காவின் ஓரிகன் பகுதியில் வி. எஃப். சாவிட்ஸ்கி என்ற ஆய்வாளர் ஒற்றைக்கரு விதை தரும் செடிகளைக் கண்டெடுத்தார். இன்றைய விதைகள் அந்த வழியில் வந்தவை. மேற்பூச்சு இட்டு உருண்டையாக்கப்பட்ட அவற்றை விதைப்பான் ஒவ்வொன்றாக எண்ணிப் போடுகிறது. வரிசைக்கு வரிசை 50 செ.மீ., விதைக்கு விதை 18 செ.மீ. என்று வைத்தால் ஏக்கருக்குச் சுமார் 45,000 விதைகள் விழும். அதில் ஐந்தில் நான்கு முளைத்தால் 36,000 செடிகள் நிற்கும். அது நல்ல எண்ணிக்கை. விதைப்பானை மெதுவாக ஓட்டுங்கள். வேகம் கூடினால் இடைவெளி கெடும். இடைவெளி கெட்டால் ஒரு கிழங்கு பூசணியாகவும் அடுத்தது முள்ளங்கியாகவும் வளரும். பெரிய கிழங்கில் சர்க்கரை குறைவு என்பதை முதல் சீட்டே எனக்குச் சொல்லியிருந்தது. விதைத்த இரவே எலி வந்து வரிசையைப் பிடித்துக்கொண்டு உருண்டைகளைத் தோண்டித் தின்னும் என்பதையும் நினைவில் வையுங்கள். மேலே சிந்திக்கிடக்கும் விதைதான் அதற்கு வழிகாட்டி.

களை விஷயத்தில் முதல் எட்டு வாரங்கள்தான் எல்லாம். இலைகள் விரிந்து வரிசைகளை மூடியபின் கிழங்கு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். அதுவரை அது சவலைப் பிள்ளை. முளைக்கீரை இனங்களும் சக்கரவர்த்திக் கீரையும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் களையைக் கொன்று பயிரைக் காக்கும் மருந்துகள் குறைவு; இருப்பவையும் களை இரண்டு இலையில் இருக்கும்போது மட்டுமே முழுமையாக வேலை செய்யும். நான் செய்வது மூன்று. விதைப்புக்குப் பதினைந்து நாள் முன்பு நிலத்தை நனைத்து, முளைத்துவரும் முதல் களைத் தலைமுறையை மேலோட்டமாகச் சுரண்டி அழிக்கிறேன். பிறகு களைக்கொல்லியை வரிசைமேல் 20 செ.மீ. பட்டையாக மட்டும் தெளிக்கிறேன், 50 செ.மீ. வரிசையில் இதனால் மருந்து 60 சதவீதம் மிச்சமாகிறது. நடுவில் உள்ள நிலத்துக்கு இயந்திரக் களைவெட்டி போதும். காய்ந்த காலை வேளையில், 2 அல்லது 3 செ.மீ. ஆழத்துக்கு மட்டும் வெட்டினால் களை வெயிலில் வாடிச் சாகும். ஆழம் கூடினால் பக்கவேர் அறுபடும், புதைந்து கிடந்த களைவிதையும் மேலே வந்து முளைக்கும். ஒவ்வொரு விதையும் விழும் இடத்தை ஜி.பி.எஸ். மூலம் குறித்துக்கொண்டு, பிறகு அந்த இடத்தை விட்டுச் சுற்றிலும் களை வெட்டும் சூரிய ஒளி இயந்திரங்கள் டென்மார்க்கிலிருந்து வரத் தொடங்கியுள்ளன. சிறு நிலத்துக்குத் தனியே வாங்கக் கட்டுப்படியாகாது. பலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்தால் பொருந்தலாம்.

தண்ணீரைப் பொறுத்தவரை, கரும்புக்கு ஆண்டு முழுவதுமாக 1,500 முதல் 2,500 மி.மீ. தேவைப்படும்போது, இந்தக் கிழங்கு ஆறேழு மாதங்களில் 550 முதல் 750 மி.மீ. நீரில் முடிந்துவிடுகிறது. அதிலும் சிக்கனத்துக்கு இடமுண்டு. முளைக்கும் வரை தெளிப்பு நீர், பிறகு இரண்டு வரிசைக்கு ஒரு சொட்டுநீர்க் குழாய் என்று வைத்திருக்கிறேன். வளர்ந்த கிழங்கு உப்பை நன்றாகத் தாங்கும். முளைக்கும் விதை தாங்காது. ஆகையால் உவர்நீர்க் கிணறு உள்ளவர்கள் நல்ல நீரை முதல் மூன்று வாரங்களுக்கு ஒதுக்கிவைப்பது நல்லது. இன்னொன்று: நண்பகலில் இலைகள் துவண்டு தரையில் படுத்துவிடும். மண்ணில் போதிய ஈரம் இருக்கும்போதும் இந்தச் செடி அப்படித்தான் நடந்துகொள்ளும். முதல் பருவத்தில் ஒவ்வொரு மதியமும் மோட்டாரைப் போட ஓடினேன். மறுநாள் காலையில் இலை நிமிர்ந்திருந்தால் தண்ணீர் வேண்டாம். காலையிலும் துவண்டிருந்தால்தான் பாய்ச்ச வேண்டும். மண்ணை ஒன்றரை அடி தோண்டி, கையில் உருட்டிப் பார்த்தால் அந்தச் சந்தேகமும் தீரும்.

அறுவடைக்கு மூன்று வாரம் முன்பே பாசனத்தை நிறுத்தினால் சர்க்கரை ஏறும் என்று பரவலாகச் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. சதவீதம் ஏறுவதில் ஒரு பகுதி கிழங்கிலிருந்து நீர் வற்றுவதால் வருவது. ஏக்கருக்குக் கிடைக்கும் மொத்தச் சர்க்கரை அந்த அளவுக்கு ஏறாது. இருந்தாலும் நீரும் மின்சாரமும் மிச்சம், வண்டியில் ஏறும் வெற்று எடையும் குறைவு என்பதால் நிறுத்துவதையே நானும் செய்கிறேன். ஆனால் களிமண்ணில் மண் கல்லாக இறுகும்வரை காத்திருந்து பிடுங்கினால் வேரின் நுனி உடைந்து உள்ளேயே தங்கிவிடும். தலை வெட்டும் கருவியை ஒரு விரற்கடை தாழ்த்தி வைப்பதாலும் அதே அளவு இழப்பு வரும். பிடுங்கிய நிலத்தில் நூறு கிழங்குகளை எடுத்து, எத்தனை நுனி உடைந்திருக்கிறது, எத்தனை தலை மிகையாகச் சீவப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்த நாள்தான் இயந்திரக்காரரோடு நான் முதன்முதலில் பயனுள்ள வாக்குவாதம் செய்த நாள்.

பிடுங்கியபின் நேரம்தான் எதிரி. கிழங்கு உயிரோடு மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. மூச்சுக்குச் செலவாவது சர்க்கரை. வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்தச் செலவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஒருமுறை ஆலை வண்டி நான்கு நாள் தாமதமாக வந்தது. வெயிலில் குவித்திருந்த கிழங்கு உள்ளே சூடேறி, அடிப்பகுதி நொதித்துவிட்டது. அதிலிருந்து வண்டியின் நாள் உறுதியானபின்தான் பிடுங்குகிறேன். குவியலைத் தாழ்வாகவும் நீளமாகவும் போட்டுத் தாளால் மூடுகிறேன். ஒட்டியிருக்கும் மண்ணை வயலிலேயே உதிர்த்துவிடுவதும் முக்கியம். ஆலைக்குப் போகும் மண்ணுக்கு வண்டிக்கூலி கொடுப்பது நாம்தான். போவதும் நம் மேல்மண்தான்.

நோய்களில் இலைப்புள்ளி பற்றி மட்டும் சொல்கிறேன், வெப்பமும் ஈரமும் சேரும் இடங்களில் அதுவே பெரும் பகை. செர்கோஸ்போரா என்ற இந்தப் பூஞ்சாணம் 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில், இலை நனைந்தே இருக்கும் இரவுகளில் வேகமாகப் பரவும். பட்டியல் போட்டுக்கொண்டு பதினைந்து நாளுக்கு ஒருமுறை தெளித்ததில் எனக்குப் பணம்தான் போனது. ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்த பகுதிகளில் பூஞ்சாணம் அதற்குப் பழகிவிட்டது; ஸ்ட்ரோபிலுரின் வகை மருந்துகள் பல நாடுகளில் இதனிடம் தோற்றுவிட்டன. தாங்கும் திறனுள்ள ரகம், முந்தைய ஆண்டு கிழங்கு நின்ற நிலத்திலிருந்து தள்ளி விதைத்தல், முதல் புள்ளிகளைக் கண்டவுடன் மட்டும் தெளித்து அடுத்த முறை வேறு வகை மருந்துக்கு மாறுதல் ஆகியவற்றால் தெளிப்பை ஐந்திலிருந்து இரண்டாகக் குறைக்க முடிந்தது.

பயிர்ச் சுழற்சியில் செய்த தவறு ஒன்று இன்னமும் உறுத்துகிறது. இரண்டு பயிர்களுக்கு நடுவில் கடுகு போட்டால் மண்ணுக்கு நல்லது, வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு அழியும் என்று கேள்விப்பட்டுக் கிடைத்த கடுகை விதைத்தேன். பீட் நூற்புழுவுக்குச் சாதாரணக் கடுகும் முட்டைக்கோசும் கிழங்கைப்போலவே நல்ல விருந்து. புழு பெருகி, அடுத்த பருவத்தில் கிழங்கின் வேரில் தாடிபோல் நாரும் வெண்முத்துகளும் தோன்றின. முட்டைகளைப் பொரிக்கச் செய்து, ஆனால் புழுவைப் பெருக விடாத எதிர்ப்புத் திறன் கொண்ட கடுகு, எண்ணெய் முள்ளங்கி ரகங்கள் தனியாக உள்ளன. அந்த ரகப் பெயரைப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும். ஐயமிருந்தால் சணப்பை போன்ற பயறுவகைப் பசுந்தாளை விதைத்துவிடுவது பாதுகாப்பானது. அது சேர்க்கும் தழைச்சத்தையும் உரக் கணக்கில் கழித்துவிட வேண்டும்.

வெட்டிய இலைகளை நிலத்திலேயே பரப்பிவிடுகிறேன், அடுத்த பயிருக்கு அவை உரம். மாட்டுக்குப் போடுவதானால் இரண்டு மூன்று நாள் வாடவிட்டுக் கொஞ்சமாகப் போட வேண்டும். பச்சையாக நிறையத் தின்றால் ஆக்ஸாலிக் அமிலத்தால் கழிச்சல் வரும்.

நூற்புழு பெருகிய அந்தத் துண்டு நிலத்தில் இப்போது மக்காச்சோளம் நிற்கிறது. அடுத்து கோதுமை, பிறகு எதிர்ப்பு ரக முள்ளங்கி, அதன்பின் மண்ணை எடுத்து முட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கிழங்கை அங்கே மறுபடி விதைப்பதா என்று முடிவு செய்ய வேண்டும்.